இடைவேளை வரைக்கும்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். உன் இருமல் எப்படி இருக்கிறது? சிகரெட்டைக் குறைத்தாயா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய். ஆகவே கேட்கவில்லை.

உன் படம் வந்துவிட்டது. ஊரில் வேறு தியேட்டர் இல்லாத மாதிரி, நான் டீ போடுகிற தியேட்டரிலேயே வந்து இறங்கியிருக்கிறது. போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் கதை, வசனம் என்று உன் பெயர். ஆபரேட்டர் அண்ணன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பூதக்கண்ணாடி வெச்சுத்தான் உங்க தம்பியைத் தேடணும் போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு அவரே ஏணி போட்டு ஏறி, உன் பெயருக்கு மேலே பறந்துகொண்டிருந்த காகிதத்தைப் பசை தடவி ஒட்டினார்.

பத்திரிகைக்காரர்கள் சொல்வது வேண்டாம், வெளியே வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது என்றாயே, எழுதுகிறேன். கேண்டீன் வாசலைத் தாண்டாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு வார்த்தை தப்பாது.

மருந்துக்கடைக்காரர் சொன்னார், "ஃபர்ஸ்ட் ஹாஃப் பரபரன்னு போகுது, செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை." அவர் எல்லாப் படத்துக்கும் அதைத்தான் சொல்வார். டிப்போ ஃபிட்டர், "ரத்தம் ஜாஸ்தி, வீட்டுப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு வர முடியாது" என்றார். பின்னாலேயே அவர் மனைவி வந்து, "கண்ணை மூடிக்கிட்டது இவரு. நான் பாத்து கதை சொன்னேன்" என்றாள். கணக்கு வாத்தியார், "நாட்டு நடப்பைப் புட்டுப் புட்டு வெச்சிருக்கான்" என்று உன்னை மெச்சினார்.

தையல்காரர் மட்டும் டீயை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "அந்த பஸ் டிரைவர் சாட்சி, நம்ம டிரைவர்தானேம்மா? அவரு எப்பக் கண்ணாடி போட்டாரு?" என்று கேட்டார். எனக்குக் கை நிறைய வேலை இருந்தது. பதில் சொல்லவில்லை.

நான் இன்னும் பார்க்கவில்லை. காட்சி ஓடும்போதுதான் இடைவேளைக்குப் பால் காய்ச்ச வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. சிகரெட் பற்றி நீ கேட்காததற்கு நானும் பதில் சொல்லவில்லை. பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் கடிதத்தை டைரக்டரிடமே படித்துக் காட்டினேன். ஃபிட்டரின் மனைவியைப் பற்றிக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே எல்லாக் காட்சியும் நிரம்புகிறது. "பயந்து செத்த சமூகத்தின் முகத்தில் அறைந்த படம்" என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது. "இந்தப் படத்தில் யோக்கியன் என்று ஒருவனும் இல்லை, அதுதான் இதன் துணிச்சல்" என்று இன்னொன்று. வெட்டி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் எங்காவது ஒட்டு.

ஊரார் கருத்தெல்லாம் எழுதிவிட்டாய். எனக்கு வேண்டியது உன் கருத்து. ஒரு காட்சிக்குப் பாலை யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் தம்பி

*

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. நீ அனுப்பிய துண்டுகள் வந்தன. இன்னும் ஒட்டவில்லை.

பார்த்துவிட்டேன். ஆபரேட்டர் அண்ணன் பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பஸ்ஸை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கதவு இழுத்துச் சாத்தினால் திரும்பத் திறந்துகொள்ளுமே, அது கூட இருக்கிறது. பாலத்தில் காண்ட்ராக்டர் ஆட்கள் அந்தத் தொழிற்சங்கத்துக்காரரைத் தூக்கிக் கீழே போடுவதும், டிரைவர் பிரேக்கை மிதிப்பதும் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தவன் எழுதினால் அப்படித்தானே இருக்கும். அதுவரைக்கும் எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கோர்ட்டு. டிரைவர் கூண்டில் ஏறுகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "இருட்டா இருந்துச்சு சார். கண்ணாடியும் போடல. நான் எதையும் பாக்கல." உடனே திரை முழுக்க 'இடைவேளை'.

விளக்கு வந்தது. முன் வரிசை முழுக்கக் காண்ட்ராக்டர் ஆட்கள். நிஜமானவர்கள். அவரே டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறார். எழுந்து நின்று விசில் அடித்தார்கள். அதில் ஒருவன் என்னிடமே டீ வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க தம்பி நல்லாப் புரிஞ்சவன்க்கா" என்றான். கருத்து கேட்டாயே, இதையும் சேர்த்துக்கொள். உன் படத்தை இந்த ஊரிலேயே அதிகமாக ரசித்தவர்கள் அவர்கள்தான்.

உன் அத்தான் கோர்ட்டில் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் அன்றே நான் உனக்குக் கடிதம் போட்டேன். "பாத்தேன்" என்றார். கையை நீட்டி, யார் யார் என்று காட்டினார். அதற்குத்தான் ஒரு லாரி அவர் மேல் ஏறியது. படத்தில் அவர் மாற்றிச் சொல்லிவிட்டும் லாரியில் அடிபட்டுச் சாகிறார்.

இதை யார் மாற்றியது? அது மட்டும் எழுது.

அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம், பாப்பா சுகம் என்று நம்புகிறேன். இங்கே மழை.

உன் கோபம் நியாயமானது. ஆனால் சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்பது தெரியாததால் வந்த கோபம் என்றும் சொல்வேன். முதலில் எழுதியபோது அத்தான் சொன்னதைத்தான் எழுதினேன். "சாட்சி தைரியமாச் சொல்றான், கொல்றாங்க. இது பழைய படம்பா" என்றார் தயாரிப்பாளர். டைரக்டரோ, "இந்தக் காலத்துல எவன் பாத்தேன்னு சொல்றான்? ஜனங்க சிரிப்பாங்க. சினிமாத்தனமா இருக்கும்" என்றார். எல்லாருமாக உட்கார்ந்து பேசி மாற்றியது. பெயரை மாற்றிவிட்டோம், ஊரையும் மாற்றிவிட்டோம். அது அத்தான் இல்லை, ஒரு பாத்திரம். கதையைக் கதையாகப் பார் அக்கா.

அடுத்த படத்துக்கும் என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்ததும் உங்கள் இரண்டு பேரையும் இங்கே அழைத்துக்கொள்கிறேன். டீ ஆற்றியது போதும்.

அன்புடன்,
உன் தம்பி

*

ஜூலை 11

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது.

பாத்தேன் என்று சொன்னால் சினிமாத்தனமா? அப்படியானால் நான் ஒரு சினிமாத்தனத்தோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அது காலையில் எழுந்து பல் விளக்கியது, பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டது, உப்பு குறைந்தால் முகத்தைச் சுளித்தது. பயமும் பட்டது. கோர்ட்டுக்குப் போன அன்று சட்டைப் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டது. கடைசியில் நான்தான் போட்டுவிட்டேன். அப்படிப் பயந்த மனுஷன்தான் போய்ச் சொன்னார். அது உங்கள் டைரக்டருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாப்பா வந்து, "அப்பா பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டாராம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப மாமா ஏன் அப்படி எழுதினாரு?" என்றாள். நீயே அவளுக்குப் பதில் எழுது.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தேன், கடிதம் யார் கையில் சிக்குமோ என்று. இனிமேல் எவன் படித்தால் எனக்கென்ன. தியேட்டருக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரரை அடித்தே கொன்றார்கள் அல்லவா, அதே காண்ட்ராக்டர் ஆட்கள்? மாலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரம். கேபினுக்கு வெளியே இரும்புப் படியில் காற்றுக்காக நின்ற ஆபரேட்டர் அண்ணன் முழுவதையும் பார்த்திருக்கிறார். வேறு சாட்சி கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் அவர் கூண்டில் ஏற வேண்டும். நம் வழக்கு ஏன் தோற்றது என்று உனக்கு நினைவிருக்கும். ஒற்றைச் சாட்சியை நம்ப முடியாது என்றார்கள். அப்படியும் இந்த மனுஷன் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

இப்போது தினம் நாலு காட்சி அந்தக் கோர்ட்டு சீனை அவர் கையாலேயே ஓட்டுகிறார். நேற்று என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரரே அப்படித்தான்னு ஊரே நம்புது. அப்புறம் எனக்கென்னம்மா பெரிய வீரம்?" என்றார். உன் அத்தான் என்ன சொன்னார் என்று நான் சொன்னேன், அண்ணனுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை காதில் விழுவது வேறு அல்லவா? அவர் பின்வாங்கினால் காண்ட்ராக்டர் இந்தத் தடவையும் கைவீசிக்கொண்டு வெளியே வருவார். உன் வசனம்தான் கதவைத் திறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கண்ணாடியைப் பற்றித் தையல்காரர் கேட்டதற்கு இன்னும் நீயும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அத்தான் வருஷா வருஷம் கண் பரிசோதனையில் தேறி பஸ் ஓட்டியவர். கண்ணாடி அவருக்கு இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டியவனுக்குத்தான் உண்டு. இருட்டா இருந்துச்சு சார், கண்ணாடியும் போடல என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னது யார்? நீ பயந்தாய். இருபது வயசுப் பையன், பயந்தாய். அதற்காக நான் ஒரு நாளும் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறினாய், சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அந்த வார்த்தையை இன்று செத்தவர் வாயில் வைத்துவிட்டாயே. வைக்க அவர் வாய்தானா கிடைத்தது?

அக்கா

*

ஜூலை 30

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரரைக் கேட்டுக் கேட்டு அவர் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்புகிறார்.

நீ எழுதாவிட்டால் நான் எழுதக்கூடாது என்று சட்டமா? கேள். நான் கேபினுக்கு ஏறிப் போய் ஆபரேட்டர் அண்ணனிடம் ஒன்று கேட்டேன். இடைவேளை விடுவது யார் கையில் என்று. "என் கையிலதான். ரீல் முடியற எடத்துல எங்க வேணா 'இடைவேளை' ஸ்லைடைப் போடலாம்" என்றார். டிரைவர் கூண்டில் ஏறி, கண்ணாடியைக் கழற்றி, வாயைத் திறக்கப் போகிறார் பார், சரியாக அங்கே ஒரு ரீல் முடிகிறதாம். அடுத்த ரீலில்தான் அந்த வசனம். உங்கள் பெட்டியிலேயே அப்படித்தான் வெட்டி வந்திருக்கிறது.

"அங்க விடுங்கண்ணே" என்றேன். "மொதலாளி தோலை உரிச்சிடுவாரு" என்றார். மாலைக் காட்சியில் விட்டுவிட்டார்.

கூட்டம் வெளியே வந்தது பார், அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. வழக்கமாகச் செத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி வருவார்கள். அன்று எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "சொல்லுவானா மாட்டானா?" "எங்க சொல்லப் போறான், சொன்னா போட்டுத் தள்ளிடுவாங்கள்ல." நான் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே உரக்கச் சொன்னேன். "சொன்னாரு. அவரு என் வீட்டுக்காரரு. பாத்தேன்னு சொன்னாரு. நான் அந்தக் கோர்ட்டுல மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள இனிமே வர்றது பொய்."

ஃபிட்டரின் மனைவி, "அப்ப நான் எதுக்கு உள்ள போகணும்? இன்னொரு டீ குடுக்கா" என்றாள்.

இப்போது எல்லாக் காட்சியிலும் அங்கேதான் இடைவேளை. எல்லாக் காட்சியிலும் நானும் சொல்கிறேன். முதலாளி கத்தினார். பிறகு கேண்டீன் வியாபாரத்தைப் பார்த்தார், கத்தலை ஒத்திவைத்திருக்கிறார்.

அக்கா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதங்கள் கிடைத்தன. வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள். இரவில் தனியாக வீட்டுக்கு நடந்து போகாதே.

ஆபரேட்டர் அண்ணன் என்ன முடிவு செய்தார்?

தம்பி

*

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கையில் மட்டும் சின்னக் கட்டு. பயப்படாதே.

காண்ட்ராக்டர் ஆட்கள் வந்தார்கள். விசில் அடித்த அதே பையன்தான் முன்னால் நின்றான். "என்னக்கா, புதுசா கதை சொல்றீங்களாம்?" என்று பிஸ்கட் ஜாடியைத் தட்டிவிட்டான். "கதை உள்ள ஓடுது, நான் சொல்றது நடந்தது. டீ வேணும்னா வரிசையில வா" என்றேன். உடைந்த ஜாடியைப் பொறுக்கும்போது கையில் கிழித்துவிட்டது, அவ்வளவுதான். அப்புறம் வரிசையில் நின்ற மருந்துக்கடைக்காரர், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வேறு ஒன்று பேசினார். "தம்பி, வரிசைன்னா வரிசைதான்" என்றார். பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை. பையன் போய்விட்டான்.

ஆபரேட்டர் அண்ணன் முடிவு என்னவென்று இன்னும் தெரியவில்லை. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தினமும் படியிறங்கி வந்து டீ குடிக்கிறார், டம்ளரைக் கழுவி வைக்கிறார், ஏறிப் போகிறார். நானும் கேட்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி கோர்ட்டு.

உன்னையும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் கட்டு பிரித்தாயா? சீழ் கோக்காமல் பார்த்துக்கொள்.

இத்தோடு ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. முன்பு அனுப்பிய மாதிரி விமர்சனம் இல்லை. அதே பத்திரிகையில் வாரா வாரம் 'ரசிகர் கருத்து' என்று ஒரு பத்தி வரும். படம் பார்த்தவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நானும் எழுதினேன். போட்டுவிட்டார்கள். என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறார்கள், நான் அப்படித்தான் கேட்டேன்.

தயாரிப்பாளர் கூப்பிட்டு, ஓடுகிற படத்துக்கு வசனகர்த்தாவே கொள்ளி வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அடுத்த படம் வேறு ஒருவர் எழுதுகிறார். அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

மாற்றியது யார் என்று கேட்டாய். எல்லாரும் உட்கார்ந்து பேசியது உண்மை. வேறு வசனம் கேட்டபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை என்பதும் உண்மை. அதை நான் எழுதாமல் விட்டேன்.

பாப்பாவிடம் சொல். அப்பா மாற்றிச் சொல்லவில்லை. மாமாதான்.

தம்பி

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் சுகம். கட்டைப் பிரித்தாயிற்று, தழும்பு நிற்கும் போலிருக்கிறது. நிற்கட்டும்.

உன் ரசிகர் கருத்தைக் கேண்டீன் சுவரில் ஒட்டியிருக்கிறேன், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில். "அந்தச் சாட்சி பார்த்தேன் என்றுதான் சொன்னார். கண்ணாடி போட்டிருந்தும் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னவன் நான்." முதலில் பாப்பாதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்து, "மாமாவுக்கு இப்பப் பயம் போயிடுச்சா?" என்றாள். தெரியவில்லை, கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

ஆபரேட்டர் அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். டீ ஆறிப்போய்விட்டது. டம்ளரைக் கழுவாமலே மேலே போனார்.

இருபத்தைந்தாம் தேதி காலைக் காட்சி ரத்து. முதலாளியே பலகை எழுதி மாட்டினார். நான் அதே மூணாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தையல்காரர், ஃபிட்டரும் மனைவியும், மருந்துக்கடைக்காரர். அந்தப் பக்கம் காண்ட்ராக்டர் ஆட்கள்.

அண்ணன் கூண்டில் ஏறினார். காண்ட்ராக்டரின் வக்கீலும் உன் படத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "பொழுது சாஞ்சாச்சு. இருட்டா இருந்திருக்குமே?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"இருட்டாத்தான் சார் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

முன்னால் இருந்த ஒருவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆனா இருட்டுல உக்காந்து பாக்குறதுதான் சார் என் வேலை. சின்ன வயசுலேர்ந்து அதைத்தான் செய்யறேன். பாத்தேன்." கையை நீட்டினார். ஒவ்வொருத்தராகக் காட்டினார்.

நான் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஓவென்று அழுதேன். ஜட்ஜ் கண்டித்தார். ஃபிட்டரின் மனைவி, "அழுறதுக்குக் கூடவா சார் அனுமதி வேணும்?" என்று கேட்டு அவளும் திட்டு வாங்கினாள்.

தீர்ப்பு இன்னும் சொல்லவில்லை. அன்று இரவே அண்ணன் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. இப்போது தினம் ஒருவர் அவர் வீட்டு வாசலில் படுக்கிறோம். முறை வைத்திருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் தருகிற கொசுவர்த்தி இலவசம்.

உன் படத்தை வெள்ளிக்கிழமையோடு தூக்கிவிடுகிறார்கள். ஊரார் கருத்தெல்லாம் எழுதினேன், என் கருத்தைக் கேட்டாயே, நான் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன். நல்ல படம், தம்பி. இடைவேளை வரைக்கும். நாங்கள் விட்ட இடைவேளை வரைக்கும்.

கோர்ட்டு வாசலில் நம் பழைய வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு சாட்சி இருந்தால் பாலத்து வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப் போடலாமாம். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். என் தம்பி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அறையைக் காலி செய்தால் இங்கே வா. பாப்பாவின் கட்டிலை உனக்கு ஒதுக்கியாயிற்று. வரும்போது மறக்காமல் கண்ணாடி போட்டுக்கொண்டு வா.

அக்கா